எல்லாக் குழந்தைகளும் என்றால் எல்லாரும்தானா? மிது அலூரின் ஆராய்ச்சியும் நம் கூடத்து மூன்று படிகளும்

(பொங்கல் விழாவை ஒட்டி நம் சங்கக் கூடத்தில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில், ஓய்வுபெற்ற நர்சரிப் பள்ளி ஆசிரியையான இரண்டாவது தெரு உறுப்பினர் பேசியதன் எழுத்து வடிவம். அவர் கேட்டுக்கொண்டபடி அதிகம் திருத்தாமல் வெளியிடுகிறோம். – ஆசிரியர் குழு)



செயலாளர் என்னிடம் வந்து, “டீச்சர், பொங்கல் கூட்டத்தில் ஒரு அரை மணி நேரம் குழந்தை வளர்ப்பு பற்றிப் பேசுங்கள்” என்று கேட்டார். குழந்தை வளர்ப்பு பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. என் பிள்ளைகள் இரண்டு பேரையும் என் மாமியார்தான் வளர்த்தார். நான் மற்றவர்கள் பிள்ளைகளை வளர்க்கப் போய்விட்டேன். அதனால் வேறு ஒருவரைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். ஒரு பேராய்வாளர், மும்பைக்காரர், பெயர் மிது அலூர். நான் அவரை நேரில் பார்த்ததில்லை. ஆனால் ஓய்வுபெற்ற பிறகு என்னைத் தூங்கவிடாமல் செய்தவர் அவர்தான்.

அதற்கு முன் என் கதையில் ஒரு துண்டைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் மற்றதற்கு அர்த்தமில்லை.

நான் இருபத்தெட்டு வருஷம் ஒரு நர்சரிப் பள்ளியில் வேலை பார்த்தேன். எந்தப் பள்ளி என்பது வேண்டாம். பிற்பாடு அட்மிஷன் பொறுப்பு என்னிடம் இருந்தது. 1980களின் கடைசியில் ஒரு ஜூன் மாதம் ஒரு தகப்பனார் நாலு வயதுப் பெண் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார். குழந்தைக்குக் கால் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொண்டிருந்தது, வாயில் எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. தலையில் மல்லிகைப்பூ, புது பாவாடை சட்டை. பள்ளிக்கூடத்துக்குப் போகிறோம் என்று சொல்லி அழைத்து வந்திருக்கிறார். நான் மரியாதையாகத்தான் பேசினேன். “எங்களுக்கு இதில் டிரெய்னிங் இல்லைங்க சார், நாங்க சரியாப் பார்த்துக்க முடியாது, பாப்பாவுக்குத்தான் கஷ்டம்” என்றேன். அவர், “ஒரு மூலையில உட்கார்ந்து மத்த பிள்ளைங்களைப் பார்த்துக்கிட்டு இருக்கட்டுங்களே டீச்சர்” என்றார். அடுத்த வாரமும் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். அதன் பிறகு வரவில்லை. நான் நல்ல காரியம் செய்ததாகத்தான் நினைத்தேன். அந்தக் குழந்தையைக் கஷ்டத்திலிருந்து காப்பாற்றியதாக.

இதை இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை. தவறு என்று தெரிந்தால்தானே சொல்வோம்?

சரி, மிது அலூருக்கு வருகிறேன்.

1966இல் கல்கத்தாவில் அவருக்கு முதல் குழந்தை பிறந்தது. மாலினி என்று பெயர். பிரசவத்தில் சிக்கல், மூளைக்கு ஆக்சிஜன் போவது தடைப்பட்டு, குழந்தைக்கு மூளை முடக்குவாதம் வந்தது. ஆங்கிலத்தில் செரிப்ரல் பால்சி என்கிறோமே, அதுதான். இதில் ஒன்றை மட்டும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். இது தொற்றுநோய் இல்லை, நாளுக்கு நாள் முற்றிக்கொண்டே போகிற வியாதியும் இல்லை. வளர்கிற மூளையில் அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதியில் ஏற்பட்ட சேதம். கை, கால், நாக்கு சொன்ன பேச்சைக் கேட்காது. சில குழந்தைகளுக்குப் புத்தி வளர்ச்சியிலும் குறை இருக்கும். பல குழந்தைகளுக்கு இருக்காது. வெளியிலிருந்து பார்த்து யாருக்கு எது என்று சொல்லிவிட முடியாது. பேச வராத குழந்தைக்கு ஒன்றும் புரியாது என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம்.

மாலினி விஷயத்திலும் அப்படித்தான் முடிவு கட்டினார்கள். இங்கே பார்த்த மருத்துவர்கள் கையை விரித்துவிட்டார்கள். பெற்றோர் குழந்தையை இங்கிலாந்துக்குக் கொண்டு போனார்கள். அங்கே பரிசோதித்தபோது குழந்தைக்குப் புத்தியில் ஒரு குறையும் இல்லை என்று தெரிந்தது. லண்டனில் அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போனது. தாயார் சும்மா இருக்கவில்லை. லண்டன் இன்ஸ்டிடியூட் ஆஃப் எஜுகேஷனில் சிறப்புக் கல்வி படித்தார். இந்தியா திரும்பினால், பம்பாயில் இப்படிப்பட்ட குழந்தைக்குப் பள்ளிக்கூடமே இல்லை. 1972இல் அவரே இந்திய ஸ்பாஸ்டிக்ஸ் சங்கத்தைத் தொடங்கினார். கொலாபாவில் மூன்றே குழந்தைகளுடன் பள்ளி ஆரம்பமானது. அந்த மூன்றில் ஒன்று மாலினி.

இந்த இடத்தில் ஒரு விஷயம் எனக்குப் பிடித்தது. சிகிச்சை ஒரு இடம், படிப்பு ஒரு இடம் என்று அவர் அலையவிடவில்லை. பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, பாடம், பெற்றோருக்கு ஆலோசனை எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. நம் வீடுகளில் ஒரு குழந்தைக்கு இப்படி ஏதாவது என்றால் தாயார் திங்கள்கிழமை ஒரு ஆஸ்பத்திரி, புதன்கிழமை வேறு ஒன்று, வெள்ளிக்கிழமை கோவில் என்று பஸ் ஏறி இறங்கியே பாதி ஆயுளைக் கழிப்பாள். பார்த்திருக்கிறோம்.

பிறகு கல்கத்தா, டெல்லி, பெங்களூரு என்று அதே பெயரில் அமைப்புகள் வந்தன. நம் சென்னையில் 1985இல் பூனம் நடராஜன் தொடங்கினார்; அவருடைய மகனுக்கும் மூளை முடக்குவாதம். கோட்டூர்புரத்தில் இப்போது வித்யாசாகர் என்ற பெயரில் இருப்பது அதுதான். இங்கே உட்கார்ந்திருக்கும் இரண்டு மூன்று பேருக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும் என்று எனக்குத் தெரியும்.

1989இல் மிது அலூருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பெயர் வந்தாயிற்று, பள்ளிகள் வந்தாயிற்று. இத்தோடு நிறுத்தியிருந்தால் ஒரு நல்ல சமூக சேவகி என்று சொல்லியிருப்போம், நான் இன்றைக்கு இங்கே வேறு எதையாவது பேசிக்கொண்டிருப்பேன். ஆனால் அவருக்கு ஒரு கணக்கு இடித்தது. இவ்வளவு பாடுபட்டும் நம் பள்ளிகளுக்கு வருகிற குழந்தைகள் எத்தனை பேர்? நாட்டில் இருக்கிற குழந்தைகள் எத்தனை பேர்? மீதிக் குழந்தைகள் எங்கே?

அந்தக் கேள்வியோடு பழைய இன்ஸ்டிடியூட்டுக்கே திரும்பிப் போய் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தார். முனைவர் பட்டம் முடித்தபோது ஐம்பது வயதைத் தாண்டியிருந்தார். பத்மஸ்ரீ வாங்கின அம்மாள், சொந்தமாக நிறுவனம் நடத்துகிறவர், கையில் நோட்டுப்புத்தகத்தோடு போய் உட்கார்ந்திருக்கிறார். நமக்கு அறுபது வயதில் ஸ்மார்ட்போன் கற்றுக்கொள்வதற்கே கௌரவம் தடுக்கிறது.

அவர் எடுத்துக்கொண்டது பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. அங்கன்வாடி. ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம், ஐ.சி.டி.எஸ். என்கிறோமே, அதைத்தான் எடுத்தார். 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் ஆரம்பித்த திட்டம். ஆறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குச் சத்துணவு, தடுப்பூசி, உடல் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புவது, பள்ளிக்கு முந்தைய கல்வி, தாய்மாருக்கு ஊட்டச்சத்து அறிவுரை என்று ஆறு சேவைகள். உலகத்திலேயே இவ்வளவு பெரிய சிறுகுழந்தைத் திட்டங்கள் குறைவு. இன்றைக்குத் தமிழ்நாட்டில் மட்டும் 54,000க்கும் மேல் மையங்கள். நம் ரேஷன் கடைக்குப் பின்னால் இருப்பது அதில் ஒன்று.

ஒரு குழந்தைக்கு உடலில் குறை இருந்தால் அதை முதலில் கண்டுபிடிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. எடை போடுகிறார்கள், தடுப்பூசிக் கணக்கு வைக்கிறார்கள், தெருவில் எந்த வீட்டில் யார் கர்ப்பமாக இருக்கிறார் என்பது வரை அந்தப் பணியாளருக்குத் தெரியும். அப்படியென்றால் உடற்குறையுள்ள குழந்தைகள் அந்த மையங்களில் நிறையப் பேர் இருக்க வேண்டும் அல்லவா? மிது அலூர் பார்த்தபோது அவர்கள் அங்கே இல்லை.

அவர்களைச் சேர்க்கக் கூடாது என்று எங்கேயும் உத்தரவு இல்லை. திட்டத்தில் எல்லாக் குழந்தைகளும் என்றுதான் இருந்தது. ஆனால் அந்த ‘எல்லாக் குழந்தைகளும்’ என்பதில் இவர்களும் உண்டு என்று யாரும் பணியாளருக்குச் சொல்லவில்லை, பயிற்சி கொடுக்கவில்லை. அவர் ஆராய்ச்சியைக் கொள்கை வகுக்கிற மட்டத்திலிருந்து கடைசிப் பணியாளர், குடும்பம் வரை அடுக்கடுக்காகப் பார்த்தார். ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு காரணம். இது நம் துறை இல்லை என்று ஒருவர். எங்களுக்குத் தெரியாது என்று ஒருவர். அந்தக் குழந்தைகளுக்குத் தனியாக ஏற்பாடு இருக்கும் என்று ஒருவர். யாருமே கெட்டவர்கள் இல்லை. அந்த ஆராய்ச்சி பிறகு புத்தகமாக வந்தது. கண்ணுக்குத் தெரியாத குழந்தைகள் என்று பொருள்படும் தலைப்பு.

என் மகள்தான் எனக்கு இதைப் பற்றி முதலில் சொன்னாள். படித்துக்கொண்டே வரும்போது எனக்கு மல்லிகைப்பூ வாசனை வந்தது. பொய் சொல்லவில்லை. “எங்களுக்கு இதில் டிரெய்னிங் இல்லைங்க சார்.” அந்த வாக்கியத்தை நான் சொந்தமாக யோசித்துச் சொன்னதாக நினைத்துக்கொண்டிருந்தேன். நாடு முழுக்க என்னைப் போல் ஆயிரக்கணக்கானவர்கள் அதையே சொல்லியிருக்கிறார்கள்.

நம்மூரில் இந்த மாதிரி விஷயம் வந்தால் ஜனங்களின் மூடநம்பிக்கை, பூர்வஜென்ம பாவம் என்ற எண்ணம் என்று சொல்லி முடித்துவிடுவோம். அதுவும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மிது அலூர் விரலை நீட்டியது வேறு பக்கம். ஏழைத் தாயின் மனசை மட்டும் குற்றம் சொல்லாதே, காகிதத்தில் எழுதாமல் விட்டதையும் பார் என்கிறார். விட்டுப்போனதும் ஒரு கொள்கைதான். எனக்கு இது பெரிய கண்திறப்பு.

அடுத்து அவர் செய்ததுதான் துணிச்சல். சிறப்புப் பள்ளியை இந்தியாவில் கட்டி எழுப்பியவர், சிறப்புப் பள்ளி மட்டும் போதாது என்று சொல்ல ஆரம்பித்தார். இருபத்தைந்து வருஷம் உழைத்துக் கட்டிய வீட்டில் தானே சுவரை இடிப்பது மாதிரி. 1999இல் கனடா நாட்டு உதவியோடு உள்ளடக்கிய கல்விக்கான தேசிய மையம் ஒன்றை மும்பையில் தொடங்கினார். தன் பள்ளியில் இருந்த குழந்தைகளையே வழக்கமான பள்ளிகளுக்கு அனுப்பினார். சங்கத்தின் பெயரில் இருந்த ‘ஸ்பாஸ்டிக்ஸ்’ என்ற வார்த்தையையும் பிற்பாடு எடுத்துவிட்டார்கள். இப்போது அடாப்ட் என்று பெயர்.

அந்த மையம் சிறு குழந்தைகளுக்காக வேலை செய்த இடங்களில் ஒன்று தாராவி. தாராவி என்றால் நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போய்த் தலைமுறைகளாக அங்கே இருக்கிறவர்கள் எத்தனையோ பேர். அந்தக் குடிசைப் பகுதிகளில், உடற்குறையுள்ள குழந்தைகளையும் இல்லாத குழந்தைகளையும் ஒன்றாக உட்கார வைத்து நர்சரி நடத்தினார்கள். பகுதிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். அவருடைய கணக்கில் ‘உள்ளடக்குவது’ என்பது மாற்றுத்திறனாளிக் குழந்தையோடு நிற்பதில்லை. பெண் என்பதற்காக வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்ள நிறுத்தப்பட்ட குழந்தை, ஏழ்மையால் ஒதுங்கிய குழந்தை எல்லாம் அதில் சேர்த்தி. வெளிநாட்டுப் பள்ளியில் பதினைந்து பிள்ளைக்கு இரண்டு ஆசிரியை, பெரிய கட்டடம் என்று இருப்பதை அப்படியே இங்கே இறக்க முடியாது, நம் இடத்துக்கும் பழக்கத்துக்கும் ஏற்ற முறை வேண்டும் என்று கையேடுகள் தயாரித்தார்கள். எனக்கு அதில் பிடித்தது இந்த நடைமுறைப் புத்திதான். முதலில் கட்டடம் கட்டு, அப்புறம் குழந்தையைக் கூப்பிடு என்று சொல்லவில்லை.

மாலினி என்ன ஆனார் என்று பின்வரிசையில் ஒருவர் கேட்கிறார். மாலினி சிப் மும்பையில் கல்லூரி முடித்து, லண்டனில் இரண்டு முதுகலைப் பட்டம் வாங்கினார். பேச்சு தெளிவாக வராது. எழுத்தைத் தட்டினால் பேசுகிற கருவியை வைத்துக்கொண்டு உரையாடுவார். ஒரே ஒரு சிறு விரலால் தட்டச்சு செய்து தன் வாழ்க்கையை எழுதினார். புத்தகத்தின் பெயரே ‘ஒன் லிட்டில் ஃபிங்கர்’. அவருடைய வாழ்க்கையின் தாக்கத்தில் அவர் உறவினரான ஷோனாலி போஸ் எடுத்த இந்திப் படம் ‘மார்கரிட்டா வித் எ ஸ்ட்ரா’. அதில் நடித்த கல்கி கோச்லின் புதுச்சேரியில் பிறந்தவர், நன்றாகத் தமிழ் பேசுவார். படம் பெரியவர்களுக்கானது, பிள்ளைகளோடு உட்கார்ந்து போட்டுவிடாதீர்கள். அப்புறம் என்னைத் திட்டாதீர்கள்.

நமக்குத் தெரிந்த படம் வேறு ஒன்று இருக்கிறது. 1990இல் வந்த ‘அஞ்சலி’. அதில் கதை நடப்பதே நம்மைப் போல ஒரு குடியிருப்பில்தான். அந்தக் குழந்தை வந்ததும் குடியிருப்பில் எதிர்ப்பு, பிள்ளைகள் கேலி, பிறகு அதே பிள்ளைகள் ஒட்டிக்கொள்வது. நாம் எல்லோரும் தியேட்டரில் அழுதோம். நானும் அழுதேன். அந்தத் தகப்பனார் என் பள்ளிக்கு வந்து போய் அப்போது இரண்டு மூன்று வருஷம்கூட ஆகியிருக்காது. எனக்கு அவர் ஞாபகமே வரவில்லை பாருங்கள்.

இப்போது நம் விஷயம்.

போன ஜூன் மாதம் நம் சங்கம் இந்தக் கூடத்தில் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு மாலை நேர விளையாட்டு வகுப்பு ஆரம்பித்தது. நல்ல காரியம். பதினெட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். நான்காவது தெருவில் ஒரு தாயார் தன் மூன்றரை வயது மகனைச் சேர்க்கலாமா என்று கேட்டார். அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன். பையனுக்கு மூளை முடக்குவாதம். பிடித்துக்கொண்டால் நிற்பான், பேச்சு நாலைந்து வார்த்தை. செயற்குழு அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றது. அடுத்த கூட்டத்தில் அதற்கடுத்த கூட்டம் என்றது. யாரும் மறுக்கவில்லை. நானும் செயற்குழுவில் இருக்கிறேன், முதல் கூட்டத்தில் நானும் வாயைத் திறக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வாட்ஸ்அப் குழுவில் நாலு கேள்விகள் ஓடின. ஒவ்வொன்றாகப் பதில் சொல்லி உங்கள் டிபனைத் தள்ளிப் போட மாட்டேன். மற்றப் பிள்ளைகளின் விளையாட்டு கெடுமா என்ற கேள்விக்கு இருபத்தெட்டு வருஷ அனுபவத்தில் சொல்கிறேன்: கெடுப்பது அடம்பிடிக்கிற, கடிக்கிற, மணலை வாரி இறைக்கிற பிள்ளை. அதில் என் பேரனும் ஒருவன். அவனை நீங்கள் சேர்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

விழுந்தால் யார் பொறுப்பு? எல்லாப் பிள்ளைக்கும் யார் பொறுப்போ அவர்கள்தான். ஆனால் இந்தக் கேள்வி நியாயமானது. கூட ஒரு ஆள் வேண்டும். அதை மறைத்துப் பேசுவது தாயாருக்கும் நல்லதில்லை.

இவனுக்கென்றே சிறப்புப் பள்ளி இருக்கிறதே என்று ஒரு பெரியவர் எழுதியிருந்தார். கோபமாக இல்லை, அக்கறையாகத்தான். அவருக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கே இதில் முழுத் தெளிவு வர நாளாயிற்று. சிறப்புப் பள்ளியை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஓய்வுபெற்ற பிறகு வாரம் இரண்டு காலை ஒரு ஆரம்பநிலைப் பயிற்சி மையத்துக்குப் போய் உதவினேன். அங்கே பார்த்ததை என் பி.எட். வகுப்பில் யாரும் சொல்லித் தரவில்லை. சரியாக உட்கார முடியாத குழந்தை தன் பலம் முழுவதையும் விழாமல் உட்காருவதிலேயே செலவழிக்கும். பாடம் கேட்க மிச்சம் இருக்காது. பாதம் தரையில் படுகிற மாதிரி ஒரு நாற்காலி, வயிறு வரை வளைத்து வெட்டின ஒரு மேஜை. அவ்வளவுதான், அதே குழந்தை நிமிர்ந்து நம் கண்ணைப் பார்க்கும். கிரேயானில் பழந்துணியைச் சுற்றித் தடிமனாக்கினால் பிடிக்க வரும். பேச வராத குழந்தைக்குத் தண்ணீர், பாத்ரூம், இன்னும் வேண்டும், போதும் என்று நாலு படம் ஒட்டின அட்டை. கேள்வி கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து வரை எண்ண வேண்டும். நாம் மூன்றிலேயே பதிலை நாமே சொல்லிவிடுகிறோம். இதெல்லாம் அந்த மையத்து அம்மாக்கள் எனக்குக் கற்றுக்கொடுத்தது. அந்தத் தொழில்நுட்பம் சிறப்புப் பள்ளிகளில்தான் வளர்ந்தது. வெறுமனே வழக்கமான வகுப்பில் தள்ளிவிட்டு, இதோ சேர்த்துவிட்டோம் என்று கைதட்டிக்கொள்வது எனக்கும் சம்மதமில்லை. அப்படி மூலையில் உட்கார வைக்கப்பட்ட குழந்தைகளையும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அந்த மையத்தில் ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை. அங்கே வருகிற குழந்தைகள் ஒருவர் அம்பத்தூர், ஒருவர் மேடவாக்கம். பன்னிரண்டு மணிக்கு வேன் வந்ததும் ஆளுக்கொரு பக்கம். சாயங்காலம் தெருவில் கிரிக்கெட் ஓடும்போது அவர்கள் எல்லாரும் ஜன்னலில் இருக்கிறார்கள். நான்காவது தெருப் பையன் காலையில் பயிற்சிக்குப் போகிறான், அது தொடரத்தான் போகிறது. அவன் தாயார் நம்மிடம் கேட்பது சாயங்காலம் ஒரு மணி நேரம். மூன்று வயதில் இவனோடு பந்து உருட்டின பிள்ளைக்கு இவன் வினோதமாகத் தெரிய மாட்டான். பதினைந்து வயதில் முதல் முறை பார்க்கிறவன்தான் முறைத்துப் பார்ப்பான். சிறு வயதிலேயே ஒன்றாக வைக்க வேண்டும் என்று மிது அலூர் போன்றவர்கள் சொல்வதில் எனக்கு உடனே புரிந்த நியாயம் இதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று நம் வக்கீல் சார் கேட்பார். 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு நிதி பெறுகிற அல்லது அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும் என்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு மாற்றுத்திறனாளிக் குழந்தைகளும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் வருகிறார்கள். தனியார் பள்ளியின் 25 சதவீத இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம். இது தெரியாத பெற்றோர் இங்கேயே இருக்கலாம், அதனால் சொன்னேன். 2023 நவம்பரில் அங்கன்வாடிகளுக்கென்றே மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான ஒரு வழிகாட்டு நெறிமுறையை மத்திய அரசு வெளியிட்டது: ஆரம்பத்திலேயே கண்டறிவது, மற்றக் குழந்தைகளோடு சேர்ப்பது, தேவையான இடத்துக்கு அனுப்புவது. மிது அலூர் கேள்வி கேட்டு இருபது வருஷத்துக்கும் மேல் ஆன பிறகு. நம் விளையாட்டு வகுப்பு அங்கீகாரம் பெற்ற பள்ளி இல்லை. ஆகவே எந்த அதிகாரியும் வந்து நம்மைக் கேட்கப் போவதில்லை. நாமேதான் முடிவு செய்ய வேண்டும்.

இனி வெறும் கொத்தனார் வேலை. இந்தக் கூடத்து வாசலில் மூன்று படி. போன வாரம் நானும் மூன்றாவது தெரு இன்ஜினியர் தம்பியும் டேப் வைத்து அளந்தோம். படி ஒன்று ஆறு அங்குலம், மொத்தம் பதினெட்டு. சாய்தளத்துக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது விதி. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். நமக்குப் பதினெட்டு அடி வேண்டும். வாசலுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே இருப்பது பதினொன்றுதான். அதனால் நேராகப் போட முடியாது. நடுவில் ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம் விட்டுப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். செங்குத்தாக ஒரு பலகையைச் சாய்த்து வைத்துவிட்டால் சக்கர நாற்காலி பின்னால் உருளும், தயவுசெய்து அந்த யோசனை வேண்டாம். திருப்புகிற இடத்தில் இப்போது பைக்குகள் நிற்கின்றன. நாலு பைக்குக்கு வேறு இடம் பார்க்க வேண்டும். இந்தப் படியில் கமலா மாமி மாதிரி முழங்கால் வலிக்காரர்கள் பத்துப் பேராவது பக்கவாட்டாக ஏறுகிறீர்கள், நான் உட்பட. பையனுக்காக என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

உதவிக்கு ஒரு ஆயா அம்மாவைப் பேசியிருக்கிறேன், மாலை ஒரு மணி நேரம். அவர் சம்பளத்தைப் பையன் தாயார் தருவதாகச் சொன்னார். எனக்கு அது சரியாகப் படவில்லை. மற்றப் பதினெட்டுப் பேரும் பாட்டு டீச்சருக்குத் தனியாகக் கொடுக்கவில்லையே. பொருளாளர் முறைக்கிறார். கணக்கைச் செயற்குழுவில் பேசிக்கொள்வோம்.

மேஜை எங்கள் வீட்டுப் பழைய தேக்குக் கட்டில் பலகையில் வெட்டி வாங்கிவிட்டேன். இரண்டாவது தெரு தச்சர் கூலி வாங்க மறுத்துவிட்டார். திங்களும் வியாழனும் வகுப்பில் நான் இருப்பேன். மற்ற நாளுக்கு இரண்டு பேர் பெயர் கொடுத்தால் போதும். டிரெய்னிங் இல்லை என்று தயங்க வேண்டாம், ஒரு வாரத்தில் சொல்லித் தருகிறேன். அந்தப் பையனின் அம்மாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், அவரையே கேட்கலாம்.

தீர்மானம் வருகிற ஞாயிற்றுக்கிழமை செயற்குழுவுக்கு மூன்றாவது முறையாக வருகிறது. இந்த முறை கையைத் தூக்கி ஆம் அல்லது இல்லை என்று சொல்லிவிடுங்கள். இல்லை என்றால் அந்தத் தாயாரிடம் நானே போய்ச் சொல்கிறேன், எனக்கு அதில் முன்அனுபவம் இருக்கிறது. ஆம் என்றால், வாசலில் அந்த இரும்புத் தொட்டியை நகர்த்த நாலு பேர் வேண்டும். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வாருங்கள், காபி என் வீட்டிலிருந்து வரும்.